இணைப்பின் வாசலில் எதை வைப்பது: போஸ்ட்கிரெஸ் நீட்சி ஒன்றைத் துவக்கிய அனுபவம்

எங்கள் தரவுத்தளத்தில் யார், எந்த அட்டவணையை, எந்த வேலையின் பொருட்டுத் தொட்டார்கள் என்பதைப் பதிவு செய்யும் ஒரு நீட்சியை, அதாவது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளச் சர்வருக்குள் ஏற்றப்படும் கூடுதல் நிரலை, சி மொழியில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பதிவு செய்யும் பகுதிதான் கடினமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது சில நாட்களிலேயே முடிந்துவிட்டது. அதன்பிறகு பல மாதங்கள் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது வேறொரு கேள்வி: ஒவ்வொரு புதிய இணைப்பும் தொடங்கும்போது இந்த நீட்சி எந்தக் கணத்தில் நினைவகத்திற்குள் வர வேண்டும், வந்தவுடன் எதைச் செய்யலாம், எதைத் தள்ளிப்போட வேண்டும்? இந்தக் கேள்வியை அலட்சியமாகக் கையாண்டதால் நான் செய்த பிழைகளையும், அவற்றைத் திருத்திய வழிகளையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

போஸ்ட்கிரெஸ் சர்வரில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஒரு செயல்முறை உண்டு. போஸ்ட்மாஸ்டர் என்னும் தாய்ச் செயல்முறை வாடிக்கையாளரின் அழைப்பை ஏற்றதும், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களில் ஃபோர்க் செய்து, அதாவது தன்னையே பிரதியெடுத்து, ஒரு பிள்ளைச் செயல்முறையை உருவாக்குகிறது. அந்தப் பிள்ளைதான் பயனரை அடையாளம் சரிபார்த்து, தரவுத்தளத்துடன் தன்னைப் பிணைத்துக்கொண்டு, பயனருக்கும் தரவுத்தளத்துக்கும் உரிய அமைவுகளைப் படித்து, முதல் வினவலுக்காகக் காத்திருக்கிறது. நீட்சியின் லைப்ரரிக் கோப்பு இந்த வரிசையில் எந்த இடத்தில் ஏற்றப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதற்கு என்னென்ன வசதிகள் கிடைக்கும் என்பது அமைகிறது. ஏற்றப்பட்டவுடன் 'பிஜி இனிட்' என்ற பெயருள்ள செயற்கூறு அந்த லைப்ரரியில் இருந்தால் சர்வர் அதை உடனே அழைக்கும். எனக்கு நேர்ந்த பிழைகளில் பாதி, அந்தச் செயற்கூறு எப்போதும் ஒரே சூழலில்தான் அழைக்கப்படுகிறது என்று நான் எண்ணியதிலிருந்து வந்தவை.

உண்மையில் அதற்கு முக்கியமாக மூன்று சூழல்கள் உண்டு. 'ஷேர்டு பிரீலோட் லைப்ரரீஸ்' என்ற அமைவில் பெயர் இருந்தால், சர்வர் தொடங்கும்போதே போஸ்ட்மாஸ்டருக்குள் லைப்ரரி ஏறிவிடும்; அப்போது எந்தத் தரவுத்தளத்துடனும் தொடர்பு கிடையாது, எந்த அட்டவணையையும் படிக்க முடியாது. ஆனால் பகிர்வு நினைவகத்தில் இடம் கேட்பதற்கும், பின்னணிச் செயல்முறைகளைப் பதிவு செய்வதற்கும் அதுவே தருணம். வினவல்களின் புள்ளிவிவரங்களைச் சேர்க்கும் 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' நீட்சி அங்கேதான் இருந்தாக வேண்டும் என்பதற்கும் காரணம் இதுவே. 'செஷன் பிரீலோட் லைப்ரரீஸ்' என்ற அமைவில் பெயர் இருந்தால், ஒவ்வொரு புதிய இணைப்பின் தொடக்கத்திலும், அடையாளச் சரிபார்ப்பு முடிந்தபின், முதல் வினவலுக்கு முன், லைப்ரரி ஏற்றப்படும். இந்த அமைவு 2014இல் வெளிவந்த 9.4ஆம் பதிப்பிலிருந்து இருக்கிறது. மூன்றாவது, யாராவது 'லோட்' கட்டளை கொடுக்கும்போதோ, அந்த லைப்ரரியில் உள்ள ஒரு செயற்கூறை முதன்முறையாக அழைக்கும்போதோ ஏறுவது. அப்போது ஒரு பரிவர்த்தனை (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாகக் கைவிடப்படும் கட்டளைத் தொகுதி) ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும். 'லோக்கல் பிரீலோட் லைப்ரரீஸ்' என்று நான்காவது ஒன்றும் உண்டு. அதைச் சாதாரணப் பயனரும் மாற்றலாம் என்பதால், நிர்வாகி பாதுகாப்பானவை என்று கருதித் தனிக் கோப்புறையில் வைத்த லைப்ரரிகளை மட்டுமே அது ஏற்றும். எனக்கு அது தேவைப்படவில்லை.

எங்கள் நீட்சி, எந்தெந்தச் செயல்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகளை ஒரு சிறிய அட்டவணையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த விதிகளை ஒவ்வொரு வினவலின்போதும் படிப்பது வீண் சுமை என்பதால், இணைப்பு தொடங்கும்போதே ஒருமுறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்வது இயல்பான வழியாகத் தோன்றியது. 'பிஜி இனிட்' செயற்கூறுக்குள்ளேயே அட்டவணையைப் படிக்கும் வரிகளை எழுதினேன். சோதனைக்காக 'லோட்' கட்டளையைக் கையால் கொடுத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக நடந்தது. பத்துப் பதினைந்து முறை வெவ்வேறு விதிகளோடு பார்த்துவிட்டு, சோதனைச் சர்வரில் 'செஷன் பிரீலோட்' அமைவில் பெயரைச் சேர்த்தேன். அடுத்த இணைப்பு திறந்த கணத்தில் அந்தச் செயல்முறை நினைவகப் பிழையால் முறிந்து விழுந்தது. போஸ்ட்கிரெஸில் ஒரு பிள்ளைச் செயல்முறை அப்படி விழுந்தால், பகிர்வு நினைவகம் கெட்டிருக்கக்கூடும் என்று கருதி போஸ்ட்மாஸ்டர் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்பு நடவடிக்கையைத் தொடங்கும். ஆகவே ஒருவர் உள்ளே வர முயன்றால் உள்ளே இருந்த அனைவரும் வெளியே தள்ளப்பட்டார்கள். அது சோதனைச் சர்வராக இருந்தது என்பது மட்டுமே ஆறுதல்.

காரணம் எளிமையானது. நாங்கள் அப்போது 13ஆம் பதிப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். அந்தப் பதிப்பில் 'செஷன் பிரீலோட்' லைப்ரரிகள் எந்தப் பரிவர்த்தனைக்கும் வெளியே ஏற்றப்பட்டன. 'லோட்' கட்டளையோ, எல்லாக் கட்டளைகளையும் போல, பரிவர்த்தனைக்குள் நடக்கிறது. பரிவர்த்தனை இல்லாமல் சர்வரின் உள் அட்டவணைகளைத் தேடினால், அந்தத் தேடலுக்குத் தேவையான வளக் கணக்குகளே அமைந்திருக்காது. 15ஆம் பதிப்பிலிருந்து இந்த ஏற்றம் இணைப்பைத் துவக்கும் பரிவர்த்தனைக்குள்ளேயே நடக்கும்படி மாற்றப்பட்டது. அதற்குக் காரணம், நீட்சியின் அமைவு மாறிகளுக்கு உரிமைச் சரிபார்ப்பு செய்ய நேரும்போது சர்வரே விழக்கூடிய நிலை இருந்ததுதான். நீட்சிகள் அட்டவணை படிக்கட்டும் என்பது அந்த மாற்றத்தின் நோக்கம் அன்று. எனவே புதிய பதிப்பில் விழாமல் ஓடுகிறது என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதே என் கருத்து. அதே லைப்ரரியை நாளை ஒருவர் 'ஷேர்டு பிரீலோட்' பட்டியலில் சேர்த்தால், அங்கே படிப்பதற்குத் தரவுத்தளமே கிடையாது.

அன்றிலிருந்து 'பிஜி இனிட்' செயற்கூறுக்குள் நான் மூன்று வகை வேலைகளை மட்டுமே அனுமதிக்கிறேன்: அமைவு மாறிகளை அறிவிப்பது, ஹுக்குகளைப் (சர்வர் தன் வேலையின் இடையே நம் செயற்கூறை அழைக்க விட்டுவைத்த இடங்களைப்) பொருத்துவது, போஸ்ட்மாஸ்டருக்குள் ஏற்றப்படும் தருணமாக இருந்தால் பகிர்வு நினைவகத்துக்கு ஏற்பாடு செய்வது. இவற்றில் கடைசியானதுகூட 15ஆம் பதிப்பிலிருந்து தனி ஹுக்குக்குள் போய்விட்டது. அட்டவணை படிப்பது, கோப்பு திறப்பது, வலையமைப்பில் வேறொரு சேவையைக் கேட்பது ஆகிய எதுவும் அங்கே கூடாது. வலையமைப்பு அழைப்பு அங்கே இருந்தால், அந்தச் சேவை தாமதிக்கும் ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு இணைப்பின் தொடக்கத்திலும் சேரும். சேவை நின்றுபோனால் தரவுத்தளத்தின் கதவும் அதோடு சாத்தப்படும்.

விதிகளைப் படிக்கும் வேலையை முதல் வினவல் வரும் வரை தள்ளிப்போட்டேன். 'எக்ஸிகியூட்டர் ஸ்டார்ட்' ஹுக்கில், இந்த இணைப்பில் விதிகள் படிக்கப்பட்டுவிட்டனவா என்று ஒரு நிலையான மாறியை (ஸ்டாட்டிக், அதாவது செயல்முறை முடியும் வரை அழியாத மாறியை) பார்த்து, இல்லையென்றால் அப்போது படிப்பது என்பதே திட்டம். அந்த இடத்தில் பரிவர்த்தனை உண்டு, தரவுத்தளம் உண்டு, பயனர் யார் என்பதும் தெரியும். ஆனால் இங்கேயும் அடுத்தடுத்து நான்கு இடங்களில் தடுக்கினேன். அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சொல்லத் தகுந்தவை.

முதலாவது, தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் சுழல். விதிகளைப் படிப்பதும் ஒரு வினவல்தான். அது ஓடத் தொடங்கியதும் அதே ஹுக் மறுபடி அழைக்கப்படும். அங்கே விதிகள் இன்னும் படிக்கப்படவில்லை என்று தெரிந்ததும் மறுபடி படிக்கத் தொடங்கும். படிக்கத் தொடங்கும் முன்பே 'படித்தாயிற்று' என்று மாறியை மாற்றினால் சுழல் நிற்கும். ஆனால் படிக்கும்போது பிழை எழுந்தால், விதிகள் இல்லாமலேயே 'படித்தாயிற்று' என்ற நிலையில் அந்த இணைப்பு தன் ஆயுள் முழுவதும் ஓடும். பதிவு செய்யும் நீட்சிக்கு இதைவிடக் கெட்ட நிலை இல்லை, ஏனெனில் வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. எனவே இரண்டு நிலைகள் போதாது. தொடங்கவில்லை, நடந்துகொண்டிருக்கிறது, முடிந்தது என்று மூன்று நிலைகள் வேண்டும், பிழை எழுந்தால் முதல் நிலைக்குத் திருப்பிவிடும் ஏற்பாடும் வேண்டும்.

இரண்டாவது, நினைவகம் எங்கே ஒதுக்கப்படுகிறது என்பது. போஸ்ட்கிரெஸ் நினைவகத்தை ஆயுளுக்கேற்பப் பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு வினவலுக்கோ பரிவர்த்தனைக்கோ உரிய பகுதி, அது முடிந்ததும் மொத்தமாக விடுவிக்கப்படும். நான் விதிகளை அப்போதைய பகுதியிலேயே வைத்துவிட்டேன். முதல் பரிவர்த்தனை வரை எல்லாம் சரியாக இருந்தது. இரண்டாவதில் என் சுட்டிகள் (நினைவக முகவரியை வைத்திருக்கும் மாறிகள்), வேறு எதற்கோ பயன்படும் நினைவகத்தைக் காட்டிக்கொண்டிருந்தன. இணைப்பு முழுவதும் வாழ வேண்டியதை 'டாப் மெமரி கான்டெக்ஸ்ட்' பகுதியிலோ, அதன் கீழ் நாமே உருவாக்கும் ஒரு துணைப் பகுதியிலோ வைக்க வேண்டும். துணைப் பகுதியே நல்லது. விதிகள் மாறும்போது அதை மட்டும் காலிசெய்துவிட்டு மறுபடி நிரப்பலாம்.

மூன்றாவது, யாருடைய உரிமையில் படிக்கிறோம் என்பது. சோதனைகள் அனைத்தையும், எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர்யூசராகவே செய்திருந்தேன். பயன்பாட்டுப் பயனர் நுழைந்து முதல் வினவலை அனுப்பியதும், விதிகள் அட்டவணையைப் படிக்க உரிமை இல்லை என்ற பிழை அவருடைய வினவலுக்குப் பதிலாகத் திரும்பியது. ஹுக்குக்குள் நாம் அனுப்பும் வினவலும் அந்தப் பயனரின் பெயரிலேயே ஓடுகிறது என்பதை நான் எண்ணிப்பார்க்கவில்லை. படிக்கும் அந்தச் சில வரிகளுக்கு மட்டும் பயனர் அடையாளத்தை நீட்சியின் உரிமையாளருக்கு மாற்றி, முடிந்ததும் திருப்பிவைத்தேன். இப்படி மாற்றும்போது இன்னொன்றையும் கவனித்தாக வேண்டும். அட்டவணையின் பெயரை, அது அடங்கியுள்ள ஸ்கீமா என்னும் தொகுப்பின் பெயரோடு முழுமையாக எழுதாவிட்டால், பயனர் தன் தேடல் பாதையை, அதாவது ஸ்கீமாக்களைத் தேடும் வரிசையை, மாற்றி, அதே பெயரில் தானே உருவாக்கிய அட்டவணையை நம்மைப் படிக்க வைத்துவிடலாம். தேடல் பாதையை எந்தப் பயனரும் இணைப்பின்போதே அனுப்ப முடியும் என்பதால், இது கற்பனையான ஆபத்து அன்று.

நான்காவதுதான் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது. நீட்சியை உருவாக்கும் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன்' கட்டளையும் லைப்ரரி ஏற்றப்படுவதும் இருவேறு விஷயங்கள். முதலாவது, ஒரு குறிப்பிட்ட தரவுத்தளத்தில் அட்டவணைகளையும் செயற்கூறுகளையும் உருவாக்குகிறது. இரண்டாவது, ஒரு செயல்முறைக்குள் இயந்திரக் குறிமுறையைக் கொண்டுவருகிறது. சர்வர் அளவில் அமைவை வைத்தால், நீட்சி உருவாக்கப்படாத தரவுத்தளங்களிலும் லைப்ரரி ஏறும். எங்கள் கண்காணிப்புக் கருவி 'போஸ்ட்கிரெஸ்' என்ற இயல்பான தரவுத்தளத்துடன் இணைவது வழக்கம். அங்கே விதிகள் அட்டவணை இல்லை. ஆகவே அந்தக் கருவியின் ஒவ்வொரு வினவலும் தோற்றது. சர்வர் நலமாக இருந்தபோதும் அது நின்றுவிட்டதாக எச்சரிக்கை மணி அடித்தது. இப்போது எந்த வேலைக்கும் முன்னால், இந்தத் தரவுத்தளத்தில் நீட்சி உருவாக்கப்பட்டிருக்கிறதா என்று உள் அட்டவணையில் பார்க்கிறேன். இல்லையென்றால் ஹுக் எதுவும் செய்யாமல் வழிவிடுகிறது. அந்த முடிவையும் நிரந்தரமாக வைத்துக்கொள்ளக்கூடாது. இணைப்பு திறந்திருக்கும்போதே யாராவது நீட்சியை உருவாக்கலாம் அல்லது நீக்கலாம்; அத்தகைய மாற்றங்களைச் சர்வர் எல்லாச் செயல்முறைகளுக்கும் அறிவிக்கிறது, அந்த அறிவிப்பைக் கேட்கும் செயற்கூறு ஒன்றைப் பதிந்துவைத்தால் போதும்.

ஹுக்குகளைப் பற்றி ஒரு சிறிய விஷயம். ஹுக் என்பது ஒரே ஒரு சுட்டி. அதில் ஏற்கெனவே வேறொரு நீட்சியின் செயற்கூறு இருக்கலாம். அதைச் சேமித்துவைத்துக்கொண்டு, நம் வேலை முடிந்ததும் அதை அழைக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் சர்வரின் சொந்தச் செயற்கூறை அழைக்க வேண்டும். என் முதல் வடிவத்தில் நேராகச் சர்வரின் செயற்கூறையே அழைத்துவிட்டேன். 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' போஸ்ட்மாஸ்டரிலேயே ஏறியிருந்தது. அதற்குப் பிறகு இணைப்பில் ஏறிய என் நீட்சி முன்னால் நின்று, அதற்கு எதுவும் போய்ச் சேராமல் தடுத்துவிட்டது. புள்ளிவிவரங்கள் எண்ணப்படாமல் நின்றதை ஒரு சக பொறியாளர் கவனித்துக் கேட்கும் வரை எனக்குத் தெரியவில்லை. எந்தப் பிழைச் செய்தியும் வராத பிழை அது.

இனி, நான் உண்மையான சர்வரில் செய்த பிழைக்கு வருகிறேன். அது சி மொழியில் நேர்ந்ததன்று, ஒரே ஒரு அமைவு வரியில் நேர்ந்தது. மெதுவான வினவல்களின் திட்டத்தைப் பதிவு செய்யும் 'ஆட்டோ எக்ஸ்பிளெய்ன்' லைப்ரரியையும் எங்கள் நீட்சியையும் சேர்த்து ஏற்ற வேண்டியிருந்தது. 'ஆல்டர் சிஸ்டம்' கட்டளையில், இரண்டு பெயர்களையும் காற்புள்ளியால் பிரித்து, முழுவதையும் ஒரே மேற்கோள் குறிக்குள் எழுதினேன். அமைவுக் கோப்பில் அப்படித்தான் எழுதுவது வழக்கம். ஆனால் கட்டளையாகக் கொடுக்கும்போது, ஒரே மேற்கோளுக்குள் இருப்பதைச் சர்வர் ஒரே பெயராக எடுத்துக்கொள்கிறது; காற்புள்ளியும் இடைவெளியும் அந்தப் பெயரின் பகுதியாகிவிடுகின்றன. ஒவ்வொரு பெயரையும் தனித்தனி மேற்கோளில் எழுதியிருக்க வேண்டும். கட்டளை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏற்கப்பட்டது. அமைவை மறுபடி படிக்கச் சொன்னேன், அதுவும் நடந்தது. பயன்பாடு வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நான் என் இணைப்பை மூடிவிட்டு எழுந்தேன்.

'செஷன் பிரீலோட்' பட்டியலில் உள்ள ஒரு லைப்ரரி கிடைக்காவிட்டால், அந்த இணைப்பு முயற்சியே தோற்கும். இருந்தும் உடனே எதுவும் நடக்காததற்குக் காரணம், பயன்பாட்டுக்கும் சர்வருக்கும் இடையே, இணைப்புகளைத் திறந்துவைத்துப் பலருக்கும் பகிரும் பிஜிபவுன்சர் என்ற கருவி இருந்ததுதான். அது ஏற்கெனவே திறந்துவைத்திருந்த இணைப்புகளுக்குப் புதிய அமைவு பொருந்தாது. அந்த இணைப்புகளுக்கு ஆயுள் வரம்பு உண்டு. இயல்பான அளவு 3600 நொடிகள். வரம்பைத் தாண்டிய இணைப்புகளை அது ஒவ்வொன்றாக மூடிவிட்டுப் புதிதாகத் திறக்க முயன்றது, ஒவ்வொரு முயற்சியும் தோற்றது, கையிருப்பு மெல்ல மெல்லச் சுருங்கியது. மாற்றம் செய்தது ஒரு நேரம், வலி தெரிந்தது வேறொரு நேரம். அழைப்பு வந்தபோது நான் செய்த மாற்றத்தை யாரும், நான் உட்பட, முதலில் சந்தேகிக்கவில்லை. சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்ததும்தான், காற்புள்ளியோடு கூடிய அந்த விசித்திரமான பெயரில் கோப்பு இல்லை என்ற வரி நூற்றுக்கணக்கில் குவிந்திருப்பது தெரிந்தது.

சரிசெய்ய உள்ளே போக வேண்டும். உள்ளே போகும் வழியே அடைபட்டிருந்தது, சூப்பர்யூசருக்கும் அதே தடைதான். அங்கே கைகொடுத்தது ஒரு சிறிய உண்மை: இணைப்பைக் கோரும்போதே வாடிக்கையாளர் அனுப்பும் அமைவுகள், சர்வர் கோப்பில் உள்ளவற்றைவிட முன்னுரிமை பெறுகின்றன, இந்த அமைவை அப்படி மாற்றச் சூப்பர்யூசருக்கு உரிமை உண்டு. 'பிஜிஆப்ஷன்ஸ்' சூழல் மாறியில் 'செஷன் பிரீலோட் லைப்ரரீஸ்' என்பதற்கு வெற்று மதிப்பைக் கொடுத்து, பிஜிபவுன்சர் வழியாக அல்லாமல் நேராகச் சர்வருடன் இணைந்தபோது கதவு திறந்தது. தவறான வரியை 'ஆல்டர் சிஸ்டம் ரீசெட்' கொண்டு நீக்கி, அமைவை மறுபடி படிக்கச் சொன்னதும் இணைப்புகள் திரும்பின. இதே பிழையை 'ஷேர்டு பிரீலோட்' அமைவில் செய்திருந்தால், அடுத்த மறுதொடக்கத்தில் சர்வரே எழுந்திருக்காது. அப்போது கோப்பைக் கையால் திருத்த வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப்பின் நாங்கள் கடைப்பிடிக்கும் முறை இது. தொடக்க அமைவை மாற்றும்போது, ஒரு சூப்பர்யூசர் இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறோம். மாற்றம் செய்தவுடன், பிஜிபவுன்சரைத் தவிர்த்து, பயன்பாட்டுப் பயனரின் பெயரில் புதிதாக ஒரு இணைப்பைத் திறந்து பார்த்த பிறகே பழையதை மூடுகிறோம். 'ஷோ' கட்டளையில் மதிப்பைப் பார்க்கும்போது, முழுப் பட்டியலையும் இரட்டை மேற்கோள் சூழ்ந்திருந்தால் அது தவறு என்று எல்லோருக்கும் இப்போது தெரியும். இவற்றைவிட முக்கியமாக, சர்வர் முழுவதற்கும் அமைவை வைப்பதை நிறுத்திவிட்டோம். 'ஆல்டர் ரோல்' கட்டளை மூலம், குறிப்பிட்ட பயனருக்கு, குறிப்பிட்ட தரவுத்தளத்தில் மட்டும் என்று வைக்கிறோம். அப்படி வைத்தால் எந்தப் பிழை நேர்ந்தாலும் நிர்வாகியின் வழி திறந்தே இருக்கும். கண்காணிப்புக் கருவிக்கும் தொல்லை இல்லை. இந்த அமைவு எந்தப் பெயரில் நுழைகிறோமோ அந்தப் பெயருக்கே பொருந்தும், நுழைந்தபின் 'செட் ரோல்' கொடுத்து மாறினால் பொருந்தாது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கூட்டு இணைப்புகளைக் கையாளும் பிஜிபவுன்சர் போன்றவை இருக்கும் இடத்தில், 'இணைப்பு தொடங்கும்போது' என்ற சொற்களின் பொருளே மாறிவிடுகிறது. பரிவர்த்தனைக்கு ஒருமுறை இணைப்பைப் பகிரும் முறையில், சர்வர் பக்கத்தில் ஒருமுறை தொடங்கும் ஒரு செயல்முறை, பல வாடிக்கையாளர்களுக்கு மாறி மாறிச் சேவை செய்கிறது. தொடக்கத்தில் யாரைப் பற்றியோ நாம் நினைவில் வைத்தது, அடுத்து வருபவரின் மீது ஒட்டிக்கொள்ளும். வினவல் எந்த வேலைக்காக ஓடுகிறது என்ற குறிப்பை நான் முதலில் சி மொழியின் நிலையான மாறி ஒன்றில் வைத்திருந்தேன். ஒரு பணியின் குறிப்பு இன்னொரு பணியின் பதிவுகளில் தோன்றியபோதுதான் தவறு புரிந்தது. 'டிஸ்கார்ட் ஆல்' கட்டளை அமைவு மாறிகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும். தற்காலிக அட்டவணைகளை நீக்கும். ஆனால் லைப்ரரியை இறக்காது, அதன் நிலையான மாறிகளையும் தொடாது. எனவே வாடிக்கையாளரைச் சார்ந்த எதையும் அமைவு மாறியாகவே அறிவித்து, ஒவ்வொரு பரிவர்த்தனையின் தொடக்கத்திலும் 'செட் லோக்கல்' மூலம் பயன்பாடே அனுப்பும்படி மாற்றினேன். செயல்முறையைச் சார்ந்தவை, அதாவது விதிகள், நீட்சி இருக்கிறதா என்ற விடை போன்றவை, மட்டுமே நிலையான மாறிகளில் தங்கின.

அமைவு மாறிகளிலும் ஒரு நுட்பம் உண்டு. புள்ளியிட்ட பெயருள்ள எந்த மாறியையும், அதை அறிவிக்கும் லைப்ரரி ஏறுவதற்கு முன்பே, யார் வேண்டுமானாலும் தற்காலிகமாக அமைத்துவைக்க முடியும். லைப்ரரி ஏறி, அந்த மாறியைச் சூப்பர்யூசருக்கு மட்டும் உரியது என்று அறிவிக்கும்போது, சாதாரணப் பயனர் வைத்த மதிப்பு எச்சரிக்கையோடு தள்ளுபடியாகும். பாதுகாப்பு சார்ந்த மாறிகளை யாருக்கு உரியவை என்று கவனமாக அறிவிப்பதற்கும், அவற்றை நம்பும் நீட்சியை இணைப்பின் தொடக்கத்திலேயே ஏற்றிவிடுவதற்கும் இது ஒரு நல்ல காரணம். லைப்ரரியை முதல் பயன்பாடு வரை தள்ளிப்போடுவது பொதுவாக நல்லதே என்றாலும், கண்காணிக்கும் நீட்சிக்கு அது பொருந்தாது. அதை யாரும் வேண்டுமென்று அழைக்க மாட்டார்கள்.

தொடக்கத்தில் ஏற்றுவதால் வேகம் கூடுமா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஃபோர்க் முறையில் இயங்கும் இடங்களில், போஸ்ட்மாஸ்டருக்குள் ஒருமுறை ஏற்றப்பட்ட லைப்ரரி பிள்ளைகளுக்கு அப்படியே மரபாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு இணைப்பிலும் மறுபடி ஏற்றும் வேலை இல்லை. விண்டோஸில் அந்த ஆதாயம் இல்லை. அங்கே ஒவ்வொரு செயல்முறையும் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக்கொள்கிறது. 'செஷன் பிரீலோட்' முறையில், முதல் பயன்பாட்டில் ஏறுவதோடு ஒப்பிட்டால் பெரிய வேறுபாடு கிடையாது. கூட்டு இணைப்புகள் இருந்தால் மட்டும், முதல் வினவலின் சுமை முன்கூட்டியே தீர்ந்துவிடும் என்ற நன்மை உண்டு. ஊகிப்பதைவிட அளந்து பார்ப்பது எளிது. 'பிஜிபென்ச்' கருவியில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய இணைப்பு திறக்கும் தேர்வு இருக்கிறது. ஒரு வெற்று வினவலோடு, லைப்ரரி இருக்கும்போதும் இல்லாதபோதும் ஓட்டிப் பார்த்தால் வேறுபாடு கண்முன் தெரியும். 18ஆம் பதிப்பில் இணைப்பை அமைக்க எடுத்துக்கொண்ட நேரத்தைச் சர்வரே பதிவேட்டில் எழுதும் வசதியும், ஒரு செயல்முறையில் எந்தெந்த லைப்ரரிகள் ஏறியிருக்கின்றன என்று கேட்கும் செயற்கூறும் வந்திருக்கின்றன. இவை இரண்டும் முன்பே இருந்திருந்தால் என் பல இரவுகள் மிஞ்சியிருக்கும்.

இணைச் செயல்முறைகளையும் மறந்துவிடக்கூடாது. ஒரு பெரிய வினவலைப் பகிர்ந்து செய்ய உதவிச் செயல்முறைகள் எழும்போது, தலைமைச் செயல்முறையில் ஏறியிருந்த லைப்ரரிகள் அவற்றிலும் ஏற்றப்படும்; 'பிஜி இனிட்' அங்கேயும் ஓடும், ஹுக்குகள் அங்கேயும் பொருந்தும். ஒரே வினவல் மூன்று முறை பதிவானதைக் கண்ட பிறகே இது எனக்கு உறைத்தது. இப்போது ஹுக்கின் முதல் வரியே, இது இணைச் செயல்முறையா என்று கேட்டு, ஆம் என்றால் அடுத்தவருக்கு வழிவிடுகிறது.

சி மொழி தெரியாதவர்களுக்கு 17ஆம் பதிப்பு ஒரு எளிய வழியைத் தந்திருக்கிறது: உள்நுழைவின்போது ஓடும் நிகழ்வு டிரிகர், அதாவது ஒரு நிகழ்வு நேர்ந்ததும் தானாக அழைக்கப்படும் செயற்கூறு. நல்ல வசதிதான், ஆனால் அதில் பிழை இருந்தால் யாரும் உள்ளே வர முடியாமல் போகலாம் என்ற அதே ஆபத்து இதற்கும் உண்டு. 'ஈவென்ட் டிரிகர்ஸ்' அமைவை இணைப்புக் கோரிக்கையிலோ அமைவுக் கோப்பிலோ அணைத்தால் உள்ளே போகலாம். சர்வரை ஒரே ஒருவருக்காக மட்டும் தொடங்கும் தனிப்பயனர் முறையிலும் போகலாம். படிக்க மட்டுமே முடிகிற நகல் சர்வர்களிலும் அது ஓடும் என்பதால், அட்டவணையில் எழுத முயலும் முன், இது மீட்பு நிலையில் உள்ள சர்வரா என்று பார்ப்பது கட்டாயம். மைஎஸ்கியூஎல் என்ற வேறொரு தரவுத்தள மென்பொருளில் ஒவ்வொரு இணைப்பிலும் ஓடும் 'இனிட் கனெக்ட்' அமைவு நிர்வாக உரிமை உள்ளவர்களுக்கு ஓடாது. தவறான வரி ஒன்று நிர்வாகியையே வெளியே நிறுத்திவிடக்கூடாது என்ற அந்த முன்யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன். எங்கள் நீட்சியிலும் அதையே பின்பற்றினேன். விதிகளைப் படிக்க முடியாமல் போனால், பயன்பாட்டுப் பயனரின் வினவல் தெளிவான பிழைச் செய்தியோடு நிறுத்தப்படும், ஏனெனில் பதிவில்லாமல் நடப்பதைவிட நடக்காமல் இருப்பதே எங்கள் தேவைக்குச் சரி. சூப்பர்யூசருக்கு மட்டும் எச்சரிக்கை கொடுத்துவிட்டு வினவலை விடுகிறது. இந்த முடிவை நான் தனியாக எடுக்கவில்லை. தரவுக்குப் பொறுப்பானவர்களோடு உட்கார்ந்து பேசி, எழுத்தில் வாங்கிய பிறகே குறிமுறையில் வைத்தேன்.

புதிய பதிப்பை நிறுவும் நாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைப்ரரிக் கோப்பை மாற்றிய கணத்திலிருந்து திறக்கும் இணைப்புகள் புதிய குறிமுறையோடும், ஏற்கெனவே திறந்திருப்பவை பழைய குறிமுறையோடும் ஓடும். 'ஆல்டர் எக்ஸ்டென்ஷன் அப்டேட்' கொடுக்கும் வரை தரவுத்தளத்தில் உள்ள அட்டவணைகள் பழைய வடிவிலேயே இருக்கும். எனவே புதிய லைப்ரரி பழைய அட்டவணை வடிவையும் படிக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும். நாங்கள் முதலில் கோப்பை மாற்றி, ஒரு புதிய இணைப்பில் சோதித்து, பிஜிபவுன்சரிடம் 'ரீகனெக்ட்' கட்டளை கொடுத்துப் பழைய இணைப்புகளை ஒழுங்காக மாற்றச் சொல்லி, எல்லாம் மாறிய பிறகே அட்டவணை வடிவைப் புதுப்பிக்கிறோம். அதற்கு முந்தைய நாள், சோதனைச் சர்வரில் வேண்டுமென்றே இல்லாத ஒரு லைப்ரரியின் பெயரை அமைவில் எழுதி, குழுவில் அந்த வாரம் பொறுப்பில் இருப்பவர் துணையின்றி உள்ளே நுழைந்து அதைச் சரிசெய்கிறார். அவர் செய்து முடித்த பிறகே நிறுவும் நேரத்தைக் குறிக்கிறோம்.